விடிகாலை மூணு மணிக்கு எந்த மெட்ரோ ஓடுது?

வடசென்னை வளர்ந்துவிட்டது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். என் மருமகன் சொல்கிறார். பென்ஷன் விஷயமாகப் போன இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்கிறார். காலை நடைக்கு என்னோடு வரும் நண்பர் தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் வீடு திரும்புவதில்லை. "இன்னும் பத்து வருஷத்துல நம்ம ஏரியா தி.நகர் மாதிரி ஆயிடும் பாருங்க சார்." ஆதாரம் கேட்டால் மூன்றைக் காட்டுவார். மெட்ரோ ரயில் வந்தாயிற்று. மெயின் ரோட்டில் பெரிய ஓட்டல்கள் வந்தாயிற்று. கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. பார் வந்தாயிற்று. இதற்கு மேல் ஒரு ஊர் எப்படி வளரும் என்பது அவர் கேள்வி.

நான் துறைமுகத்தில் 36 வருடம் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் இருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை வெளியே போனது, கணக்கில் எது உதைக்கிறது என்று எண்ணிக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. ரிடையர் ஆகிப் பல வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. யாராவது "வந்துவிட்டது" என்று சொன்னால், "யாருக்கு வந்தது, எத்தனை மணிக்கு வந்தது" என்று கேட்கத் தோன்றுகிறது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் போக்குவரத்து. நமக்கு ரயில் ஏதோ புதிதாகக் கிடைத்த அதிசயம் மாதிரி பேசுகிறார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமே நம்ம ராயபுரம்தானே! 1856 ஜூலை 1ஆம் தேதி அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் கிளம்பியது. சென்ட்ரலும் எழும்பூரும் அதற்குப் பிறகு வந்தவை. அவை வந்ததும் பயணிகள் அங்கே போனார்கள். நமக்குச் சரக்கு மிஞ்சியது. டிராம் வண்டி 1895இல் வந்து, 1953 ஏப்ரலில் நின்றுபோனது. நான் பிறந்த வருடம் அது. பிறகு எண்ணூர் விரைவுச் சாலை என்று ஒன்று போட்டார்கள். விரைவு என்பது பெயரில் மட்டும்தான். துறைமுகக் கேட் திறப்பதற்காக கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் சாலை அது. ஆக, இந்தக் கரையில் போட்ட தண்டவாளமும் சாலையும் பெரும்பாலும் பொருளை வெளியே கொண்டுபோகத்தான். இங்கே இருக்கிற மனுஷன் அதன் ஓரமாக ஒதுங்கி நடந்துகொள்ள வேண்டியது. இதுதான் 150 வருட வழக்கம்.

அந்த வழக்கத்தை மெட்ரோ உடைத்திருக்க வேண்டும். உடைத்ததா என்று பார்ப்போம்.

2015இல் கோயம்பேடு–ஆலந்தூர் வண்டி ஓட ஆரம்பித்தது. வண்ணாரப்பேட்டைக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை நீட்டினார்கள். சுமார் 9 கிலோமீட்டர், செலவு 3,770 கோடி ரூபாய். நல்ல காரியம். நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை. தண்டையார்பேட்டையில் ஏறினால் சென்ட்ரல் பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கலாம். முட்டி வலிக்காரனான எனக்கும் என் மனைவிக்கும் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பல்லவன் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு பாரிமுனை போனவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஆனால் அந்த ரயில் கடற்கரை ஓரமாக வரவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையோடு போய்விட்டது. மீன்பிடித் துறைமுகத்துக்கும் தண்டையார்பேட்டை ஸ்டேஷனுக்கும் நடுவில் அரை மணி நேர நடை. கல்மண்டபம், பனைமரத்தொட்டி, சூரியநாராயண செட்டி தெரு, பவர் குப்பம், ஜீவரத்தினம் நகர் என்று ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம் எதற்கும் வாசலில் ஸ்டேஷன் கிடையாது. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்தில் இருந்து கிளம்பும் தடமும் மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் பக்கமாகப் போகிறது. ராயபுரம் கரை மறுபடியும் விடுபட்டுவிட்டது.

சரி, நடந்தே ஸ்டேஷனுக்குப் போகட்டும் என்பார்கள். எத்தனை மணிக்கு?

இங்கேதான் என் கேள்வி. காசிமேட்டில் நாள் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கே விசைப்படகுகளில் இருந்து மீன் இறங்கத் தொடங்கிவிடும். மூன்று மணிக்கு ஏலம் சூடாக இருக்கும். நாலரைக்கெல்லாம் நல்ல மீன் கைமாறிவிடும். அந்த ஏலத்தில் அன்னக்கூடையோடு நிற்கும் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள்? எண்ணூரில் இருந்து, திருவொற்றியூரில் இருந்து, வியாசர்பாடியில் இருந்து, கொருக்குப்பேட்டையில் இருந்து. மெட்ரோவின் முதல் வண்டி ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்குப் போனால் அழுகிப்போன காரப்பொடிதான் கிடைக்கும்.

எங்கள் தெருவில் 58 வயதில் ஒரு அம்மா இருக்கிறார். முப்பது வருடமாக மீன் வியாபாரம். தினமும் ராத்திரி இரண்டரை மணிக்கு இன்னும் நாலு பேரோடு சேர்ந்து கிளம்புவார். துணைக்கு ஆள் இருந்தால் நடை. இல்லாவிட்டால் மீன்பாடி வண்டியோ ஷேர் ஆட்டோவோ. ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டுப் போவார்கள். "மெட்ரோ வந்துடுச்சேம்மா, உனக்குப் பிரயோஜனமா இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சோக்காத்தான் கீதுண்ணா. புள்ளைங்கள இட்டுக்கினு ஒரு வாட்டி ஏர்போர்ட் வரிக்கும் போய்ட்டு வந்தேன். ஆனா என் கூடைக்கு டிக்கெட் குடுப்பாங்களா?"

மூன்று மணிக்கு அந்த அம்மாவுக்கு ரயில் இல்லை. ஆறு மணிக்கு ஏலம் முடிந்து கிளம்பும்போது ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கூடைக்கு இடம் இல்லை. மூட்டையை ஸ்கேனருக்குள் விட வேண்டும், எடைக்கு வரம்பு உண்டு, பிறருக்கு அருவருப்பு தரும் சரக்கு கூடாது என்று சட்டமே இருக்கிறது. வடசென்னையின் பிரதான தொழில் மீன். வடசென்னையின் புது ரயிலில் மீனுக்கு அனுமதி இல்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

உடனே ஒரு பதில் வரும்: "ஏ.சி. பெட்டியில மீன் கூடை ஏத்தினா நாத்தம் தாங்குமா சார்?" தாங்காது. ஒத்துக்கொள்கிறேன். இதற்கு நம் ஊர் ரயில்வே எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டதே! கும்மிடிப்பூண்டி லோக்கலில் வியாபாரிகளுக்கு என்று தனிப் பெட்டி இருக்கிறது. கூடை, பால் கேன், கீரைக்கட்டு எல்லாம் அதில் ஏறும். பம்பாய் லோக்கல் ரயிலில் வசாய், விரார் பக்கத்து மீனவப் பெண்கள் லக்கேஜ் பெட்டியில் உட்கார்ந்து மீன் கொண்டுபோவதைப் பம்பாயில் வேலை பார்த்த நம் ஆட்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஊர் நாறிப்போய்விடவில்லை.

மெட்ரோ பெட்டியை மாற்ற முடியாது என்றும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் சென்னை மெட்ரோவில் சிறப்பு வகுப்பு என்று ஒன்று இருந்தது. டிக்கெட் இரண்டு மடங்கு. அதில் ஏற ஆளில்லை. 2020 நவம்பரில் அதை எடுத்துவிட்டுப் பெண்கள் பகுதியாக மாற்றினார்கள். நல்ல முடிவு. பணம் உள்ளவனுக்காகத் தனி இடம் ஒதுக்கத் தெரிந்தது, தேவைப்படவில்லை என்றதும் மாற்றவும் தெரிந்தது. அப்படியானால் காலை ஆறில் இருந்து எட்டு வரை, விம்கோ நகர் போகும் வண்டியில் ஒரு ஓரம், மூடி போட்ட ஐஸ் பெட்டிக்கு மட்டும் என்று மூன்று மாதம் சோதனை செய்து பார்க்க என்ன தடை? தடை இரும்பில் இல்லை. அப்படி ஒரு பயணி இருக்கிறாள் என்று திட்டம் போட்டபோது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸைச் சொல்ல வேண்டாமா என்பீர்கள். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம். இந்த ஐம்பது வருடத்தில் ஏழைப் பெண்களுக்காகச் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று, மனதாரச் சொல்கிறேன். ஆனால் பஸ் டிப்போவில் இருந்து கிளம்பினால்தானே இலவசத்துக்கு அர்த்தம்? ராத்திரி இரண்டரை மணிக்கு எண்ணூரில் நிற்கும் பெண்ணுக்கு இலவசமும் ஒன்றுதான், நூறு ரூபாயும் ஒன்றுதான். வண்டியே இல்லை. பகலில் ஏறினாலும் என்ன ஆகும் என்று 2021 டிசம்பரில் பார்த்தோம். கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த வயதான அம்மாவை நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸில் இருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தியதை நாடே பார்த்தது. முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் மேல் நடவடிக்கை வந்தது. ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். கூடைக்கு இடம் உள்ள பஸ் விட்டார்களா? இல்லை.

அடுத்து ஓட்டல்.

போன மே மாதம் பேரன் பிடிவாதம் பிடித்தான் என்று மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு பெரிய மீன் ஓட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். சுவரில் கட்டுமரப் படம், மேலே வலை தொங்குகிறது, மெனு கார்டில் "காசிமேடு ஸ்டைல் வஞ்சிரம் வறுவல்". ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் பக்கம் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் ஆயிற்றே என்று, "தம்பி, இந்த மீன் எங்கேர்ந்து வருது?" என்று பரிமாறிய பையனைக் கேட்டேன். ஒடிசாப் பையன், தங்கமானவன், பொய் சொல்லவில்லை. "கொச்சின் சார்." கணக்குச் சரிதான். மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூனில்தான் ஆரம்பிக்கும். அதனால் இங்கே படகு நிற்கும்போது கேரள மீன் வரும். ஆக, கொச்சி மீன், புவனேஸ்வர் கை, காசிமேடு பெயர். ஒரு துண்டுக்கு அவர்கள் போட்ட விலையில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் குழம்பு வைப்பார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிழைக்க வந்தவனை வெறுக்கிற ஊர் இல்லை இது. பர்மாவில் இருந்து அகதியாக வந்தவர்கள் அத்தோவையும் மொய்ங்காவையும் கொண்டுவந்தார்கள். இன்று பாரிமுனையிலும் வண்ணாரப்பேட்டையிலும் சாயங்காலம் ஆனால் அதைச் சாப்பிடாமல் இருக்க முடிகிறதா? வெளியே இருந்து வந்த சாப்பாடு நம் சாப்பாடானது இப்படித்தான்: தெருவில் தள்ளுவண்டியில் ஆரம்பித்து, கூலிக்காரன் காசுக்கு விற்று, மெதுவாக. இப்போது நடப்பது தலைகீழ். நம் ஊர்ப் பெயர் மெனு கார்டில் ஏறுகிறது. நம் ஊர்க்காரர் பிளாட்பாரத்தில் இருந்து இறங்குகிறார்.

நாங்கள் ஓட்டல் இல்லாமலா இருந்தோம்? துறைமுக வாசலில் ராத்திரி ஒரு மணிக்கு இட்லிப் பானை ஏற்றும் ஆயாக்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மூன்றாம் ஷிப்ட் முடித்து வரும் நேரத்தில் சுடச்சுட இட்லி, வடகறி, முந்தின நாள் மீன் குழம்பு. கடலுக்குப் போகிறவன், ஐஸ் உடைக்கிறவன், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன், லாரி டிரைவர், போலீஸ்காரர் எல்லோரும் ஒரே பெஞ்சில். ஞாயிற்றுக்கிழமை கடம்பா வறுவலுக்கும் இறால் வறுவலுக்கும் தென்சென்னையில் இருந்து காரில் வருகிறார்களே, அந்த ருசியை உண்டாக்கியவர்கள் இவர்கள். இன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து "வடசென்னை ஃபுட்" என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். பிடிக்கட்டும். கூட்டம் வரும். கூட்டம் வந்தால் வாடகை ஏறும். எங்கள் தெருவிலேயே மெட்ரோவுக்குப் பிறகு வீட்டு வாடகை எங்கே போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாடகை ஏறினால் கடை வரும். கடை வந்தால், வாசலை அடைக்கிறார்கள் என்று பிளாட்பாரத்தின் மேல் புகார் வரும். அப்புறம் வண்டி வந்து அடுப்பையும் பெஞ்சையும் தூக்கிக்கொண்டு போகும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் தெற்கே பாருங்கள். பட்டினப்பாக்கத்தில் இருந்து கலங்கரை விளக்கம் வரை மெரினா லூப் ரோடு. அது மீனவர் குப்பங்களின் ஊடாகப் போன சாலை. கார்கள் அதில் போகப் பழகின. பழகிய பிறகு, மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீனை ரோட்டில் கொட்டிப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு ஒரு மீன் அங்காடி கட்டிக் கொடுத்தார்கள். போராடினதால் கிடைத்தது. யார் யாருக்கு இடைஞ்சல் என்ற கேள்வியில் அந்த நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனியுங்கள். குப்பம் முதலில் இருந்தது, ரோடு பிறகு வந்தது, கார் அதற்கும் பிறகு வந்தது. கடைசியில் வந்தது முதலில் இருந்ததை "இடைஞ்சல்" என்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு 1985 டிசம்பரும் நினைவிருக்கும். மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று மணலில் கிடந்த படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மீனவர்கள் உயிர் போனது. அன்று காசிமேட்டில் எந்த வீட்டிலும் சாயங்காலம் உலை வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. "அழகு", "வளர்ச்சி" என்ற சொற்களைக் கேட்டதும் இந்தக் கரையில் கிழவர்கள் புருவத்தைச் சுருக்குகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இல் வந்தது. அதன்படி முதலில் கணக்கெடுப்பு நடத்த வேண்டும்; இருக்கிற வியாபாரி ஒவ்வொருவருக்கும் சான்று தர வேண்டும்; கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அருமையான சட்டம். எங்கள் பக்கத்து இட்லி ஆயாவிடம் இதைச் சொன்னால், "அத்த யார்கிட்ட போய் கேக்கறது நைனா?" என்கிறார். வளர்ச்சிக்குப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுப்பவர்கள், இந்தச் சட்டத்தை ஒரு தட்டி போர்டில் எழுதித் துறைமுக வாசலில் மாட்டலாமே.

மூன்றாவது, பார்.

நான் குடிக்கு விரதம் பூண்ட ஆசாமி இல்லை. மதுவிலக்குக் காலத்தில் சுண்டக்கஞ்சிப் பானை எந்தச் சந்தில் இருக்கும் என்று இந்த ஏரியாவில் சிறுவர்களுக்கும் தெரியும். 1971இல் கடை திறந்ததையும் சில வருடத்தில் மூடியதையும் பார்த்தோம். 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்ததையும் பார்த்தோம். கடலில் பத்து நாள் கிடந்து வருகிறவன் ஒரு குவாட்டர் போட்டால் அவனுக்கு நீதி போதிக்க நான் யார்?

ஆனால் ஏ.சி. பார் வந்ததை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். படகு கரைக்கு வந்து, செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரித்து ஆளுக்கு ஆள் கையில் கொடுக்கும் நாள் ஒன்று உண்டு. அந்தப் பங்குப் பணம் வீடு வந்து சேரும் வழியில் எத்தனை கடை, எத்தனை பார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணுவது என் தொழில். ஒரு தடவை எண்ணிவிட்டு மறுபடி எண்ணப் பிடிக்கவில்லை. புதிதாக வரும் கண்ணாடிக் கதவு பார், வெளியே இருந்து காரில் வருகிறவனுக்கு. நம் ஆளுக்கு அதே பழைய தகரக் கொட்டகை, காலடியில் தண்ணீர், பிளாஸ்டிக் டம்ளர். குடியிலும் இரண்டு வகுப்பு ஆகிவிட்டது.

இதில் ஒரு விஷயத்தை நான் வியந்து சொல்ல வேண்டும். அரசாங்கத்தால் முடியாது என்று எதையும் சொல்லாதீர்கள். ஒரு நாள்கூடத் தவறாமல், மழையோ வெள்ளமோ, பாட்டில் லாரி கடைக்கு வந்து சேர்கிறது. மதியம் 12 மணிக்கு என்றால் 12 மணிக்கு ஷட்டர் திறக்கிறது. ராத்திரி பத்துக்குக் கணக்கு முடிக்கிறார்கள். இத்தனை ஒழுங்காகப் பாட்டிலைக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ராத்திரி இரண்டரை மணிக்கு எண்ணூரில் இருந்து ஒரு பஸ்ஸைக் காசிமேட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியாதா? தெரியும். கேட்பார் இல்லை.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் அதைத் தொடங்கியபோது தொகை 4,181 கோடி ஆகியிருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர், குடியிருப்பு, பஸ் நிலையம் என்று பட்டியல் நீளமானது. அதில் நல்லவை நிறைய. நடக்கட்டும், வரவேற்கிறேன். அந்த நாலாயிரம் கோடியின் ஓரத்தில் நான் கேட்பது ஒட்டும் தூசு மாதிரி.

ஒன்று: ராத்திரி இரண்டு மணியில் இருந்து ஐந்து வரை எண்ணூர், திருவொற்றியூர், வியாசர்பாடி மூன்று பக்கமிருந்தும் மீன்பிடித் துறைமுகத்துக்கு அரை மணிக்கு ஒரு பஸ். பின்பாதி சீட்டை எடுத்துவிட்டுக் கூடைக்கு இடம். திரும்பும் வழிக்கும் அதே பஸ்.

இரண்டு: தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி மெட்ரோ ஸ்டேஷன்களில் இருந்து கல்மண்டபம், பனைமரத்தொட்டி வழியாகத் துறைமுகத்துக்குச் சிற்றுந்து. கூடவே நான் மேலே சொன்ன ஐஸ் பெட்டிச் சோதனை.

மூன்று: துறைமுக வாசலிலும் அதைச் சுற்றியும் இருக்கிற இட்லிக் கடை, வறுவல் கடை, மீன் கடை எல்லாவற்றையும் எண்ணிச் சான்று கொடுத்த பிறகுதான், நடைபாதை அகலப்படுத்துவது, அழகுபடுத்துவது எல்லாம். வரிசை முக்கியம். முதலில் சான்று, பிறகு சிமெண்ட்.

நான்கு: துறைமுகத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு பாருக்கும் அனுமதி கிடையாது என்று அறிவியுங்கள். அதற்குப் பதிலாக ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் கேன்டீன், மகளிர் குழு நடத்துவது. பக்கத்தில் ஏலத்துக்கு வரும் பெண்களுக்குத் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை.

இந்த நாலில் எதற்காவது ஜப்பானில் இருந்து கடன் வாங்க வேண்டுமா? சுரங்கம் தோண்ட வேண்டுமா? ஒரு டிப்போ மேனேஜரும் ஒரு மண்டல அதிகாரியும் ஒரு நாள் ராத்திரி கண் விழித்தால் போதும்.

என் நடை நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க எதையுமே நல்லதுன்னு சொல்ல மாட்டீங்களா சார்?" என்றார். சொன்னேனே. மெட்ரோ நல்லது, இலவச பஸ் நல்லது, திட்டத்தில் நல்லவை உண்டு என்று மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறேன். நமக்கு வந்த நல்லது நமக்குள் எல்லோருக்கும் வந்ததா என்று கேட்பதைக் குறை சொல்வது என்று எப்போதிருந்து சொல்ல ஆரம்பித்தோம்? நம்மில் பலர் அம்மாவோ ஆயாவோ தலைச்சுமையாக மீன் விற்ற காசில் பள்ளிக்கூடம் போனவர்கள். என் அம்மா காசிமேட்டில் இருந்து புரசைவாக்கம் வரை கூடையோடு நடந்தார். எனக்கு இன்று ஏ.சி. ரயில் இருக்கிறது. அந்தக் கூடையைச் சுமக்கிற இன்றைய பெண்ணுக்கு, 70 வருடம் கழித்தும், அதே நடைதான் இருக்கிறது என்றால் நடுவில் வளர்ந்தது நான் மட்டும்தான், ஊர் இல்லை.

அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் பகல் பதினோரு மணிக்கு மாலையோடு வருவார்கள். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கப்போகிறேன், நீங்களும் வையுங்கள். ஐயா, பகலில் வேண்டாம், ராத்திரி இரண்டரைக்கு எண்ணூர் பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். கையில் ஒரு காலி அன்னக்கூடை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குள் காசிமேடு ஏலத்துக்கு வந்து சேர்ந்து காட்டுங்கள். வந்து சேர்ந்தால் எந்த வண்டியில் வந்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.